தேறாதவர்களுக்குக் கேக்

உபகாரம் மாஸ்டரின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். செத்துப்போனவருக்குக் கேக்! அதன் மேல் கறுப்பு கிரீமில் ஒரு கராத்தே வீரன் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். மாஸ்டர் பார்த்திருந்தால் முதலில் முட்டியை ஒழுங்காக மடக்கச் சொல்லியிருப்பார். ஏற்பாடு எல்லாம் ரெக்ஸ். மாஸ்டரிடம் படித்துவிட்டு, இப்போது ஏரிப் பக்கம் அகாடமி வைத்து, சுற்றுலா வந்த பிள்ளைகளுக்கு ஊர் திரும்புவதற்குள் மஞ்சள் பெல்ட் கட்டி அனுப்புகிற மகான்.

மாஸ்டரையும் பெரிதாகப் புகழ்வதற்கில்லை. அட்டுவம்பட்டியில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். கல்யாணம் இல்லை. குளிர்காலத்தில் குளியலும் சந்தேகம்தான். சாயங்காலமானால் இந்த மண்டபத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பெரும்பாலும் பெண்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், என்னைப் போல விடுதியில் துணி வெளுக்கிறவர்கள், வேலை முடிந்து பனிமூட்டத்தில் தனியாக வீட்டுக்கு நடக்கிறவர்கள். கோயில் வளாகம் என்பதால்தான் எங்களை வீட்டில் விட்டார்கள். வேறு இடம் என்றால் காலை ஒடித்திருப்பார்கள்.

பெல்ட் பரீட்சை நாளில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தேறியவர்களிடம் பெல்ட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தேறாதவர்களை மட்டும் பேக்கரிக்குக் கூட்டிப்போய்க் காபியும் பிளம் கேக்கும் வாங்கித் தருவார். கேக்கை வெட்டிப் பெரிய துண்டைத் தான் எடுத்துக்கொள்வார். அப்புறம் ஆரம்பிப்பார், பெரும்பாலும் என்னிடமிருந்து. "ஏம்மா மேரி, கண்ண மூடிக்கிட்டுக் குத்துற. எதுக்க நிக்கிறவன் ஒனக்காகக் கண்ண மூடிக்கிட்டா நிப்பான்?"

அந்தக் கேக்கை நான் நிறையவே தின்றிருக்கிறேன். பெயிலானதை யாராவது தம்பட்டம் அடிப்பார்களா? நாங்கள் வெளியே மூச்சு விட்டதில்லை. பேக்கரியில் எங்களைப் பார்த்தவர்கள், மாஸ்டருக்குச் செல்லப்பிள்ளைகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து வகுப்பை மேனகாதான் நடத்தினாள். சிலோனிலிருந்து வந்த குடும்பம். கேரட் கழுவுகிற வேலை. பேச்சு குறைவு, உதை அதிகம். மண்டபத்தை இனி யாருக்கு விடுவது என்று பங்குச் சாமியார் அன்றுதான் சொல்வதாக இருந்தார். ரெக்ஸும் கேட்டிருந்தான். அவன் நடத்தப்போவது சீசனுக்கு வருகிறவர்களுக்கான வகுப்பு. அவனுக்குக் கிடைத்தால் எங்களுக்கு நிற்க இடம் கிடையாது.

ரெக்ஸ் மைக்கைப் பிடித்தான். மாஸ்டர் தன்னை நேசித்த மாதிரி யாரையும் நேசித்ததில்லை என்றான். ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் பேக்கரிக்குக் கூட்டிப்போய்க் காபியும் பிளம் கேக்கும் வாங்கித் தந்ததாகவும், எனக்கப்புறம் அந்த மண்டபம் உனக்குத்தான் என்று அந்த மேசையில் வைத்துத்தான் சொன்னதாகவும் குரல் தழுதழுக்கச் சொன்னான். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேனகா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேசமாட்டாள் என்று தெரியும். நான் எழுந்தேன்.

"ரெக்ஸு, ஒவ்வொரு பரீட்சைக்குமா கேக் வாங்கித் தந்தாரு?"

"ஆமாக்கா. ஒண்ணு விடாம."

"அப்ப நீ ஒண்ணுகூடத் தேறலையா? மாஸ்டர் பெயிலானவங்களுக்குத்தான கேக் வாங்கித் தருவாரு."

பின்வரிசையில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சாமியார், கேக் கொண்டுவந்திருந்த பேக்கரிக்காரர் சேனாதிபதியைப் பார்த்தார்.

"நெசந்தாங்க சாமி," என்றார் அவர். "பெயிலான பிள்ளைகளத்தான் கூட்டியாருவாரு. இந்தத் தம்பி ஒரு நாளும் வந்து உக்காந்ததில்லீங்க."

ரெக்ஸ் மைக்கைக் கீழே இறக்கினான். தேறவில்லை என்று சொன்னால், அகாடமி வாசலில் மாட்டியிருக்கிற மாஸ்டர் கையெழுத்துச் சான்றிதழ் பொய். தேறினேன் என்று சொன்னால், இவ்வளவு நேரம் மைக்கில் அழுதது பொய். கடைசியில், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதாக முனகினான். சாமியார், மண்டபச் சாவி மேனகாவிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது கோபமெல்லாம் மாஸ்டர் மேல் திரும்பியது. உதை சுத்தமாக இருக்கிறது என்று அந்தப் பயலுக்கு ஒவ்வொரு தடவையும் பாஸ் போட்டு அனுப்பிவிட்டாரே. ஒரே ஒரு நாள் எதிரே உட்காரவைத்து, உள்ளதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா? எங்களுக்கு மட்டும் சொன்னார். இனி எனக்கும் சொல்ல ஆளில்லை. அதை நினைத்துத்தான் வழியெல்லாம் அழுதேன்.