தண்ணீர் போகும் பக்கம்

சுங்கை ஆயர் தாவாருக்கு அருகே, ஒரு செம்பனைத் தோட்டத்தின் காவல் கொட்டகை முன் நின்று, கைப்பேசியில் மகளிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வர்றியா, போறியா?"

பல்கலைக்கழகப் பாடத்துக்காக, எலிகளை ஒழிக்கத் தோட்டத்தில் வைத்திருக்கும் ஆந்தைக் கூண்டுகளை எண்ண வந்தவள். ரவாங்கிலிருந்து நான்தான் காரில் அழைத்து வந்தேன். அரை மணியில் வருகிறேன் என்று உள்ளே போனவள், இரண்டு மணி நேரமாக வழி தெரியாமல் சுற்றுகிறாள். வானம் கறுத்துவிட்டது. அவள் கைப்பேசியில் வரைபடம் திறக்கவில்லை. பேட்டரி நான்கு விழுக்காடு.

"எனக்கு எப்படிமா தெரியும்? ஸ்ட்ரெய்ட்டா நடந்தேன். லெஃப்ட் எடுத்தேன். மறுபடி ஸ்ட்ரெய்ட்."

"ரோட்டுப் பக்கமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன்மா இங்க நிக்கிறேன்?"

அவளுடைய ஆங்கிலத்தில் திசை அவள் உடம்பிலிருந்து தொடங்குகிறது. அவள் திரும்பினால் இடதும் வலதும் கூடவே திரும்பிவிடும். தோட்டத்து லய வீடுகளில் நான் பேசி வளர்ந்த தமிழில், வருவதும் போவதும் நான் நிற்கும் இடத்தை வைத்துத்தான். அந்த இடம் எங்கே என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற மலாய்க்காரக் காவலாளி குறுக்கிட்டார். "காக், ஹிலிரா மூடிக்கா, கேளுங்கள்" என்றார் மலாயில், என்னை அக்கா முறை வைத்து. நீரோட்டத்தோடு போவதற்கு அவர்களிடம் ஹிலிர் என்று ஒரு சொல், எதிர்த்துப் போவதற்கு மூடிக் என்று இன்னொன்று. இங்கே எல்லா வாய்க்காலும் சாலையோரப் பெரிய வாய்க்காலில்தான் விழும் என்றார்.

"பக்கத்துல வாய்க்கால் இருக்கா? காஞ்ச இலை ஒண்ணு போட்டுப் பாரு."

"போட்டுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "அசையலமா."

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இரு, இரு. நகருது. மெதுவா."

"அது போற பக்கமே நட. விடாம நட."

இணைப்பு அறுந்துவிட்டது. கடைசியாகச் சொன்னது அவள் காதில் விழுந்ததா, தெரியாது. மழை பிடித்துக்கொண்டது. காவலாளி பெரிய வாய்க்கால் ஓரமாக மோட்டார் சைக்கிளில் போனார். நான் நனைந்துகொண்டே சாலையில் நின்றேன். கொட்டகைக்குள் போனால் அவள் வருவதைத் தவறவிட்டுவிடுவேன் என்று பயம்.

முக்கால் மணி நேரம் கழித்து மோட்டார் வந்தது. பின்னால் அவள், முழங்கால்வரை சேறு.

"ஏன்மா இப்படி அழுவுற? அதான் வந்துட்டேன்ல."

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். போன வாரம் வேலை முடிந்து வரத் தாமதமானது. போன் செய்து, "வர்றியா?" என்று கேட்டேன்.

"தண்ணி போற பக்கமாத்தான் வர்றேன் லா," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நின்றேன்.