வரப்பு நடைக்கு ஒரு ஷூ

ஷூவை மாட்டியதும் அம்சம் உட்கார்ந்திருப்பதில்லை. எழுந்து நிற்பாள், நின்ற இடத்திலேயே குதிப்பாள், பிறகு உதட்டைப் பிதுக்கிக் கழற்றி வைப்பாள். நீடாமங்கலத்தில் காதர் மைதீனின் செருப்புக் கடைக்கு இந்த வாரம் தினமும் வருகிறாள். அதுவும் நடவு முடிந்து, கால் பொதபொதவென்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில். ஓடினாலும் கால் இப்படித்தான் வீங்கும், ஆகவே இந்தக் காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி.

போன தடவை பட்டது போதும். போலீஸ் தேர்வுக்கென்று, பார்வைக்கு லட்சணமாக இருக்கிறதே என்று பெண்கள் ஷூ வாங்கினாள். உட்கார்ந்து போட்டபோது கச்சிதம்; ஓடினபோது சுண்டுவிரல் கொப்பளித்து, பாதி மைதானத்தில் நொண்டினாள். வயது வரம்புப்படி இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு. இதையும் விட்டால் ஆயுசுக்கும் சேறுதான்.

காலும் லேசுப்பட்டதில்லை. சேற்றில் ஊன்றி ஊன்றி, விரல்கள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்ட மாதிரி விலகி நிற்கும். நடையைக் கேட்கவே வேண்டாம். வரப்பிலேயே வளர்ந்தவள், அகலமான தார் ரோட்டிலும் ஒரு காலுக்கு நேர் முன்னே மறுகாலை வைத்து, பாதத்தின் வெளிவிளிம்பில் சாய்ந்துதான் போவாள். செருப்பும் அந்தப் பக்கம்தான் தேயும். முன்னே அகலமாகவும் வெளிவிளிம்பு கெட்டியாகவும் ஒரு ஜோடி கேட்டாள்.

காதர் மைதீன் ஒன்றை எடுத்துவிட்டுத் தயங்கினார். "இது ஆம்பளைங்க ஷூம்மா."

"காலுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. வெரலுக்கு எடம் இருந்தாப் போதும்."

கூட வந்த அம்மா காத்தாயி கடைக்குள்ளேயே வரவில்லை. கூலி உயர்வு கேட்டுப் போராடிய காலத்தில் போலீஸ் அடித்த அடியில் அவளுடைய இடது முழங்கால் மடங்காது. ஆட்சி மாறி மாறி வந்தும் அந்தக் கோபம் மாறவில்லை. மகள் காக்கி போடுகிற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவாள். "நாங்க போலீசக் கண்டு ஓடுனோம். நீ போலீசாவுறதுக்கு ஓடுறியா?"

அம்சம் ரயில்வே கேட் வரைக்கும் ஓடிப் பார்த்தாள். நேர்கோட்டில் போனாள், நேர்கோட்டில் வந்தாள். எந்த விரலும் இடிக்கவில்லை. "இதுதாம்மா" என்று மூச்சிரைக்கச் சிரித்தாள். வலது ஷூவின் கயிறு அவிழ்ந்து மண்ணில் புரண்டுகொண்டிருந்தது.

காத்தாயி மடங்காத காலை நீட்டியபடி கடைப் படியில் உட்கார்ந்து, மகளின் காலை இழுத்து மடியில் வைத்து, நாற்றுமுடி கட்டுகிற கட்டாக அந்தக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.