கிணற்றில் ஊற்றிய லாரித் தண்ணீர்

எங்கள் வீட்டு முன்பக்கக் கிணற்றில் மொத்தம் இருபத்திரண்டு சிமெண்ட் வளைய உறைகள். மேலேயிருந்து எத்தனை உறை காய்ந்து வெளியே தெரிகிறது என்று தினமும் காலையில் எட்டிப் பார்த்து எண்ணுவேன். அரக்கோணத்தில் சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணியே சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்றும் எண்ணுவது நிற்கவில்லை. மனைவிக்கு இது எரிச்சல்.

நான் திருத்தணியில் வீடு கட்டிய புதிதில் ஆடி மாதத்தில்கூட ஆறு உறைதான் தெரியும். பின்தெருவில் முதல் லாட்ஜ் வந்ததும் ஒன்பது ஆனது. இப்போது எங்களைச் சுற்றி ஏழு லாட்ஜுகள். ஏழிலும் ஆழ்துளைக் கிணறு. போன வருடம் ஆடியில் பத்தொன்பது உறை தெரிந்தது. கீழே கிடந்த கலங்கலை வாளியில் அள்ள முடியவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடுதான் மலை ஏறுவார்கள். அன்றைக்குக் குளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆகவே எங்கள் தெருவில் கிணறு உள்ளவர்கள் கதவைத் திறந்து வைப்போம். வருகிறவர் கயிற்றைத் தொடக்கூடாது. வீட்டுக்காரர்தான் சேந்தி ஊற்ற வேண்டும். அதற்குக் காரணம் யாருக்கும் தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு நெசவுக் குடும்பம் இருபத்தேழு வருடமாக என் கிணற்றுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். அவர்களுக்கு என்ன ஊற்றுவது என்பதுதான் போன ஆடி முழுக்க என் கவலை.

அந்தச் சமயத்தில்தான் லாட்ஜ் முதலாளிகள் ஒரு குழு அமைத்தார்கள். திருப்பதிக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி இங்கே இரண்டு நாள் தங்க வேண்டும், அதற்கு ஊருக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்றார்கள். சென்னையிலிருந்து விளம்பரக்காரர்கள் வந்தார்கள். ‘விருந்தோம்பும் மலைநகர்’ என்ற வாசகமும் பச்சை நிறத்தில் ஒரு மயிலும் தயாராயின. மயில் ஏன் பச்சை என்று கேட்டேன். நீடித்த வளர்ச்சியைக் குறிக்கிறதாம்.

தெருவின் மூத்தவன் என்று என்னையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். எத்தனை பேர் தங்குவார்கள், ஒருவருக்கு எத்தனை வாளி, அது எங்கிருந்து வரும் என்று வரிசையாகக் கேட்டேன். உறைக் கணக்கையும், காவடிக்காரர்களுக்குச் சேந்தி ஊற்றுகிற வழக்கத்தையும் சொன்னேன். நான் உட்கார்ந்ததும் கைதட்டினார்கள். கணக்குக்காக இல்லை. விளம்பரக்காரன் கிணற்றை மட்டும் பிடித்துக்கொண்டான்.

“சாரோட கிணறுதான் நம்ம ஸ்டோரி,” என்றான்.

கிருத்திகைக்கு முதல்நாள் படம்பிடிக்க வந்தார்கள். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் மயிலை வரைந்தார்கள். வறண்ட கிணற்றைக் காட்ட முடியாதல்லவா? இரண்டு லாரி தண்ணீர் கொண்டுவந்து உள்ளே ஊற்றினார்கள். கிணற்றில் போய் லாரித் தண்ணீரை ஊற்றுவார்களா என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. தண்ணீர் மேலேயிருந்து பதின்மூன்றாவது உறைவரை ஏறியது. படம் எடுத்த பிறகு அது நமக்குத்தானே, நாளைக்கு நெசவுக்காரர்களுக்கு ஊற்றலாம் என்று கணக்குப் போட்டேன். தண்ணீர் எந்த ஊருடையது என்று லாரி டிரைவரைக் கேட்டேன்.

“திருவாலங்காட்டாண்ட, கரும்புக் கொல்லை போர்லேருந்து புட்சிகினு வரேன் பெரியவரே. அங்கயும் தண்ணி கீழத்தான் போய்கினு கீது.”

காவடிக்காரர்களாக நடித்தவர்கள் தாங்களே கயிற்றை இழுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். வருகிறவர்கள் கயிற்றைத் தொட மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விருந்தாளி தானே இறைத்தால்தான் பார்க்கிறவன் மனதில் ஒட்டும் என்று என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் எட்டிப் பார்த்தேன். பத்தொன்பது உறை. சுற்றிலும் ஏழு போர் உறிஞ்சுகிற மண்ணில் இரண்டு லாரித் தண்ணீர் ஓர் இரவுகூடத் தங்கவில்லை.

நெசவுக் குடும்பத்தார் ஒன்பது பேர் புஷ்பக் காவடியோடு வந்து நின்றார்கள். வாளியை இறக்கினேன், சேறு வந்தது. பெரியவர் வாளியையும் சுவரில் இருந்த மயிலையும் பார்த்தார். மனைவி உள்ளே போய் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிவந்து வைத்தாள்.

“இது குடிக்கிற தண்ணிதானே நைனா?”

“ஆங். ஆளுக்கு ரெண்டு சொம்பு வரும். குனிங்க.”

“வேணாங்க. வீட்ல வெச்சிக்கோங்க.” காவடியைத் தோளில் சரிசெய்துகொண்டார். “வர்ற வருசம் ஊர்லயே குளிச்சிட்டு பஸ் ஏறிட்றோம். நீங்க எங்களுக்காக காத்துகினு இருக்காதீங்க.”

“பஸ்ல வர்றதுக்குள்ள துணி காஞ்சிடுமேப்பா.”

“காயும். இன்னா பண்றது?”

எதிர் லாட்ஜில் ஷவருக்கு ஆள் கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேரும் அங்கே வரிசையில் நின்றார்கள். தலைக்கு மேலே கொட்டியது எங்கள் தெருவுக்கு அடியில் இருந்த தண்ணீர்தான். யாரும் சேந்தி ஊற்றவில்லை. குழாயைத் திருகினால் வந்தது.

அந்தப் படம் எல்லோருடைய போனிலும் சுற்றியது. எட்டாவது லாட்ஜுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். என் கிணற்றை எங்கேயோ பார்த்ததாக அரக்கோணத்துப் பழைய சிநேகிதர் போன் செய்து பாராட்டினார்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு நெசவுக் குடும்பம் எங்கள் தெருவுக்கே வரவில்லை. அதற்கு முதல்நாள் குழுவிலிருந்து ஒருவர் வந்து, இந்த முறை லாரி இரண்டு போதுமா, மூன்று சொல்லட்டுமா என்று கேட்டார். யாருக்கு ஊற்றப் போகிறோம் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை.

“ஷூட்டிங்குக்குத்தான் சார்.”

மனைவி எழுந்து போய் அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். எனக்கு அதைத் திறக்கத் தோன்றவில்லை.