படத்தில் விழாத கைகள்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. விருத்தாசலத்தில் நான் பிசிக்ஸ் டீச்சர். என் கணவர் பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறார். மற்றவர்கள் லீவு நாளில் கோயிலுக்கோ சினிமாவுக்கோ போவார்கள். எனக்குப் பிடித்திருக்கும் பைத்தியம் போர் விமானம். தஞ்சாவூரில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்று, தலைக்கு மேல் பறந்த விமானத்தைப் படம் எடுக்கப் போய்க் கழுத்துச் சுளுக்கோடு ஊர் திரும்பியவள் நான். விமானம் கிடைக்காத நாட்களில், அது இறங்கிய பழைய இடங்களையாவது தேடிப் போவேன்.

அப்படித்தான் அன்று உளுந்தூர்பேட்டைப் பக்கம் போனோம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட ஓடுதளம் ஒன்று அங்கே இன்னும் கிடக்கிறது. விரிசலில் எல்லாம் புல் முளைத்து, ஓரமெல்லாம் வேலிகாத்தான் முள் மண்டிப் போயிருக்கும். வழியில் டீக்கடை அம்மா, "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்கம்மா, அங்க செத்துப்போன வெள்ளக்காரத் தொரைங்க நடமாட்டம் இருக்குதுன்னு சொல்றாங்க" என்றார். "தொரைங்க வந்தா இவ நிக்க வச்சு போட்டோ புடிச்சிடுவா" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தோம்.

ஓடுதளத்தில் கார் ஓட்டப் பழகுகிறவர்கள், பைக்கில் சுற்றுகிற பையன்கள் என்று ஒரே கூட்டம். எனக்கோ யுத்த காலத்தில் இருந்த மாதிரி, ஆளே இல்லாத படம் வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. கேமராவுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, சில நிமிடங்கள் கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்தால், குறுக்கே நடமாடும் ஆட்கள் படத்தில் விழமாட்டார்கள். அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும். வகுப்பில் சொல்வது போல இதையெல்லாம் என் கணவருக்குப் பெருமையாக விளக்கினேன். காற்றில் கேமரா ஸ்டாண்டு ஆடாமல் இருக்க, அவர் தன் ஹெல்மெட்டை அதில் தொங்கவிட்டார்.

பொழுது சாய்ந்தது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆடிக் காற்று மட்டும் எங்கள் முதுகுப் பக்கமிருந்து ஓடுதளத்தின் மறுகோடியை நோக்கி ஊளையிட்டுக்கொண்டு போனது. ஒரே ஒரு படம், அதோடு போய்விடலாம் என்று கெஞ்சி, கடைசியாக ஒன்று எடுத்தேன். இருட்டத் தொடங்கிவிட்டதால் கேமராவின் கண் வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்திருந்தது.

படம் திரையில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தவுடன் என் உடம்பு சில்லிட்டுப் போனது. ஓடுதளத்தின் மறுகோடியில், முள் புதருக்குக் கீழே வெளிறிப்போய் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. முகம் கலைந்து தெரிந்தது. உடம்பு இருந்தது, நீட்டிய கால் இருந்தது. இரண்டு கையும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பக்கம் வெறும் இருட்டு. என் கணவரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. நான் படித்த பிசிக்ஸ் எல்லாம் காற்றில் போய்விட்டது. டீக்கடை அம்மா சொன்னதுதான் காதில் கேட்டது. "போயிடலாம் வாங்க" என்று ஸ்டாண்டை மடக்கத் தொடங்கினேன். 

அவர் மட்டும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார். "அசையாம இருக்கறதுதான் படத்துல விழும்னு சொன்ன இல்ல? அப்ப அங்க யாரோ அசையாம உக்காந்துருக்காங்க. இந்த நேரத்துல, அந்த முள்ளுக்குள்ள, எதுக்கு உக்காரணும்?"

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். தனியாக நிற்கப் பயந்துதான் நானும் பின்னால் ஏறினேன், அதை மறைப்பானேன்! விளக்கு வெளிச்சம் விரிசல்களின் மேல் குதித்துக் குதித்துப் போனது. மறுகோடியை நெருங்கியதும் வெளிச்சத்தில் ஒரு சுள்ளிக் கட்டு தெரிந்தது. அதன்மேல் சாய்ந்தபடி, புடவைக்கு மேலே பழைய ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். கணுக்கால் வீங்கியிருந்தது.

"கண்ணாடி விரியன் கடிச்சிருச்சுங்க. கால அசைச்சா வெசம் ஏறும்னு அப்படியே உக்காந்துட்டேன்" என்றார். நாக்கு குழறியது.

அவரை நடுவில் உட்கார வைத்து, பின்னாலிருந்து நான் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்டாண்டு, ஹெல்மெட் எல்லாம் அங்கேயே கிடந்தன. ஸ்கூட்டர் பறந்தது. போகும் வழியில் அவர் தலை என் தோளில் சரிந்து சரிந்து விழுந்தது. தூங்கிவிடப் போகிறாரே என்று பயந்து பேச்சுக் கொடுத்தேன். சத்தம் போட்டிருக்கலாமே அக்கா என்று கேட்டேன்.

"போட்டேங்க, காத்துல கேக்கலபோல. அதான் ரெண்டு கையயும் ஆட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க அந்தப் பொட்டி வழியா என்னையேதான பாத்துக்கிட்டு நின்னீங்க?"

கை ஏன் படத்தில் விழவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். இப்போது சுள்ளி பொறுக்கப் போனால் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டுதான் போகிறாராம்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. ஆளே இல்லாத படம் வேண்டும் என்று நான் கேமராவோடு நின்ற அத்தனை நேரமும், ஒரு பெண் கை ஓய ஓய என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது, அதில் இல்லாத அந்த இரண்டு கைகளைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் நினைவுக்கு வருகிறது.