பழைய சுவருக்குச் சுண்ணாம்பு

ராயபுரத்தில் வெள்ளைக்காரன் காலத்து மாளிகை ஒன்றை ஏற்றுமதி முதலாளி ஒருவர் வாங்கினார். இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு கையில் பணம் புரண்ட ஆள். உள்ளே ஏ.சி., இத்தாலி மார்பிள், ஆள் நீளத்துக்குக் குளியல் தொட்டி எல்லாம் வர வேண்டும். மேஸ்திரி நான்தான். வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்ததால் பழைய சுவரில் சிமெண்ட் படக் கூடாது, சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல். மார்பிளை இழைத்து இழைத்துப் போடலாமாம், சுவரில் ஒரு சட்டி சிமெண்ட் பூசக் கூடாதாம்!

சுண்ணாம்பை எப்படி நீற்றுவது என்று அந்த அம்மா ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். தொட்டியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, சுட்ட கிளிஞ்சலை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரைத் தூக்கிக் கிளிஞ்சல் மேல் ஊற்றக் கூடாது. படித்தேன், மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் அல்லவா நான்! என் ஆட்களோ பிறந்ததிலிருந்து சிமெண்டைத் தவிர வேறு எதையும் குழைத்தறியாதவர்கள். கலவையைக் குவிப்பார்கள், நடுவில் குழி பறிப்பார்கள், தண்ணீரை ஊற்றுவார்கள். ஒருவரிடமும் நான் தாளில் இருந்ததைச் சொல்லவில்லை.

எண்ணூர்ப் பக்கத்துச் சூளையிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கிய காலையில், நான் முதலாளி வீட்டம்மாவோடு மாடியில் மார்பிள் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே, புளியந்தோப்பிலிருந்து வேலைக்கு வரும் சித்தாள் பெண் கிளிஞ்சலைக் கொட்டிக் குழி பறித்து, ஒரு குடம் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

"மேஸ்திரி! இன்னா இது, பொங்கிகினு கீது?" என்று அவள் சிரித்தது மாடிக்குக் கேட்டது. குனிந்து பார்த்திருக்கிறாள். அடுத்துக் கேட்டது அலறல்.

ஓடி வந்தேன். குவியல் உலை மாதிரி கொதித்துத் தெறித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டாள்.

"கண்ணு எரியுதே! தண்ணி ஊத்துங்களேன்!"

கொத்தனார் ஒருவன் பக்கெட்டோடு ஓடி வந்தான். நான் அதைத் தட்டிவிட்டேன்.

"டேய், ஊத்தாத! தண்ணி பட்டா கண்ணுக்குள்ள பொங்கிப்பூடும்டா!"

எதிரில்தானே கொதித்துக்கொண்டிருந்தது! துணியால் துடைத்தேன், தேங்காய் எண்ணெய் விட்டேன், ஆட்டோவில் ஏற்றினேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் வண்டி நகரவே இல்லை. வழியெல்லாம் அவள் தண்ணீர் கேட்டாள். நான் அவள் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாகத் தண்ணீர்தான் ஊற்றினார்கள். பாட்டில் பாட்டிலாக ஊற்றினார்கள். டாக்டர் வெளியே வந்து, "அங்கேயே குழாயடியில வச்சு நல்லா கழுவியிருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். யாருய்யா தடுத்தது?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன். கொஞ்சம்கூட வாய் கூசவில்லை.

வலது கண் அடியோடு போயிற்று. இடது கண்ணில் ஆள் அசைவது தெரியும், அவ்வளவுதான். சுவரை வேறு ஆட்கள் வந்து பூசி முடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். மகளை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இவுருதான் எங்க மேஸ்திரி. இவரு மட்டும் தண்ணி ஊத்த வுடாம தடுக்கலன்னா ரெண்டு கண்ணும் பூட்டிருக்கும்" என்றாள்.

டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒரு புத்தி கெட்டவ. தண்ணி தண்ணின்னு ஆட்டோல உன் கைய கடிச்சிட்டேன். மனசுல வச்சுக்காத மேஸ்திரி, மன்னிச்சுக்கோ."

"பரவால்லம்மா" என்றேன்.