நெடுமாறனின் இடதுகைப் பிரவுசர்

நெடுமாறனுக்கு முப்பத்தேழு வயதில் வலது கையின் நடுவிலிருந்த மூன்று விரல்களும் போயின. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மின்விசிறிக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவன் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மத்தியான ஷிப்டில், கோணலாக உட்கார்ந்த தகட்டைத் திருத்தக் கையை உள்ளே விட்ட நேரத்தில் பிரஸ் இறங்கிவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

புண் ஆறிய பிறகும் அவன் வெளியே போகாமல் முதலியார்பேட்டை வீட்டிலேயே கிடந்தான். சட்டைப் பித்தானைப் போட யாராவது உதவ வந்தால் எரிந்து விழுவான். அவன் மனைவி மேனகா காலையில் சமைத்து வைத்துவிட்டு உப்பளத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசுக்கு அறை பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போய்விடுவாள்.

அந்த கெஸ்ட் ஹவுஸ் ஏவ்லினுடையது. அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் பிரான்சிலேயே தங்கிவிட, ஏவ்லின் மட்டும் இங்கே இருந்துகொண்டு குடும்ப வீட்டை அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டுவந்தாள். பகலில் ரிசப்ஷனில் இருந்த பெண் கல்யாணம் ஆகி பெங்களூருக்குப் போய்விட்டாள் என்று தெரிந்ததும் மேனகா போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டர் பாப்பாரு மேடம். ஸ்கூல்ல பிரெஞ்சு எடுத்துப் படிச்சவரு."

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட நெடுமாறன், "கையப் பத்திச் சொன்னியா?" என்றான்.

"அவங்க கேக்கல."

"நீ சொல்லணும்ல?"

"நாளைக்கு நீயே காட்டிக்கோ. நான் எதுக்கு நடுவுல" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஏவ்லின் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, வேலய காட்டுறேன்" என்றாள்.

வேலை என்று பார்த்தால் எல்லாமே ஒரு பிரவுசருக்குள் இருந்தது. அறைகளை மூன்று வெவ்வேறு இணையதளங்களில் போட்டிருந்தார்கள். ஒன்றில் ஒரு அறை புக் ஆனால், மற்ற இரண்டிலும் அந்தத் தேதியை உடனே மூட வேண்டும். வருகிறவர்களின் பெயர், ஊர், அடையாள அட்டை எண்ணை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு கையால் முடியக்கூடியதுதான் என்று முதலில் தோன்றியது. ஆனால் இடது கையில் மவுஸ் சொன்னபடி கேட்கவில்லை. டேப்பை மாற்றப் போனால் அதன் ஓரத்திலிருக்கும் பொடிப் பெருக்கல் குறியில் அம்பு விழுந்து டேப்பே மூடிக்கொள்ளும். அதைவிட மோசம் அந்த விவரப் பக்கம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி முக்கால்வாசி அடித்து முடிக்கிறபோது பக்கம் ஒருமுறை வெளுத்து, மறுபடி காலிக் கட்டங்களோடு வந்து நிற்கும். எதிரே விருந்தாளி நின்றுகொண்டிருப்பார். "மன்னிச்சுக்கங்க, பேர இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்கிறபோது அவனுக்குக் காது சுடும்.

வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தான். ஒரு மத்தியானம், யாரும் வராத நேரத்தில், பிரவுசரின் செட்டிங்ஸைத் திறந்தான். பிரஸ்ஸுக்குப் புதிதாக வருகிறவன் முதல் வேலையாகப் பலகையின் உயரத்தையும் பெடல் இருக்கும் இடத்தையும் தன் உடம்புக்கு ஏற்ற மாதிரி சரிசெய்துகொள்வான். யாரோ ஒருத்தனுக்காக வைத்த இடத்தில் நின்று யாரும் வேலை பார்ப்பதில்லை. இந்த இயந்திரத்தை மட்டும் வந்தபடியே ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

மேலே நெருக்கியடித்துக்கொண்டிருந்த டேப்புகளை எல்லாம் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அகலமாக அடுக்கினான். புக்கிங் தளங்கள் மூன்றையும் தவறி மூடாதபடி பொருத்தி வைத்தான். தொடவே தொடாத பொத்தான்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். இரண்டு எழுத்து அடித்தாலே பக்கத்தில் அந்தச் சொல் இருக்கும் இடத்துக்குத் தாவுகிற ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டதும் மவுசால் குறிபார்க்கிற பாடு பாதி தீர்ந்தது. கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றை அமுக்க வேண்டாம், அதை அமுக்கி விட்டுவிட்டு அடுத்ததை அமுக்கினால் போதும் என்று கம்ப்யூட்டரிலும் ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தான். கடைசியாக ஒரு எக்ஸ்டென்ஷன், பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல். பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை அது நிறுத்திவிடும். விவரப் பக்கத்துக்கு மட்டும் அதை வேலை செய்ய விட்டான். அதன் பிறகு ஒருவரையும் இரண்டாம் முறை பெயர் சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லை.

சாயங்கால ஷிப்டுக்கு வந்த புருஷோத்தமன் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னா நெடுமாறா இது? வீட்டக் காலி பண்ணிட்டு வேற எவனோ குடி வந்த மாதிரி இருக்குது. என் டேப்பெல்லாம் எங்க?"

"பக்கத்துல இருக்குது பாருண்ணே."

"நான் மேல பாத்துப் பழகினவன்யா."

அதில் நியாயம் இருந்தது. நெடுமாறன் பிரவுசரில் ஆளுக்கொன்றாக இரண்டு ப்ரொஃபைல் உண்டாக்கினான். புருஷோத்தமன் லீவு நாளில் நோணாங்குப்பம் பக்கம் தூண்டில் போடப் போகிறவர் என்பதால் அவருடையதற்கு ஒரு படகுப் படத்தைப் போட்டு, எல்லாவற்றையும் பழையபடியே வைத்துக் கொடுத்தான். அவருடையதில் அவன் கைவைக்கவில்லை. அவனுடையதில் அவரும் கைவைக்கவில்லை. மாதங்கள் நன்றாகவே போயின. காலையில் மேனகாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறபோது அவன் பழைய பாட்டை முணுமுணுப்பதை அவள் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பொங்கலையொட்டி வந்த சனிக்கிழமை, ஊரே நிரம்பியிருந்தது. சேலத்திலிருந்து தெய்வசிகாமணி என்று ஒருவர், கைக்குழந்தையோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்து மேஜை முன்னால் பைகளை இறக்கினார். கைபேசியில் புக்கிங் தெளிவாக இருந்தது. கீழ்த்தளத்து அறை, இன்றைய தேதி. நெடுமாறனின் திரையிலோ நேற்றுவரை அந்த அறை காலி என்றே இருந்தது. நேற்றுதான், நேரில் வந்து கேட்ட ஒருவருக்கு அதைக் கொடுத்திருந்தான். வேறு அறையும் இல்லை.

ஏவ்லின் கீழே இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டாள். தெய்வசிகாமணி சத்தம் போடவில்லை. "கொழந்தையோட எங்கங்க போவோம்?" என்று மட்டும் கேட்டார். அது சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

துணிக்கூடையோடு வந்த மேனகாதான் சொன்னாள். "விர்ஜினி மதாம் வீட்டு மாடி சும்மாதான கெடக்குது?"

விர்ஜினி, துய்மா வீதியில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரி, ஏவ்லினுக்கு நெடுநாள் பழக்கம். கணவர் இறந்துவிட்டார், மகன் பால் பிரான்சில். ஏவ்லின் போன் செய்தாள். "அலோ" என்று எடுத்த விர்ஜினி, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கொழந்த இருக்குதா? அப்ப என்ன கேள்வி, அனுப்பு" என்றாள். மேனகா புது விரிப்புகளை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தோடேயே கிளம்பினாள்.

அவர்கள் போனதும் ஏவ்லின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அந்த சைட்டுலதான் ஏதோ கோளாறு. நான் மேல போயி கம்ப்ளெய்ன்ட் எழுதறேன். நீங்க எதுக்கும் இந்தப் பிரவுசர மொத்தமா ரீசெட் பண்ணிடுங்க."

"ரீசெட் பண்ணா எதனால வந்துச்சுன்னே தெரியாமப் போயிடும் மேடம். கொஞ்ச நேரம் குடுங்க, பாத்துடறேன்."

சொன்ன காரணம் உண்மைதான். சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. ரீசெட் செய்தால், பார்த்துப் பார்த்து அமைத்துக்கொண்டதெல்லாம் ஒரே அமுக்கில் போய்விடும்.

முதலில் புருஷோத்தமனின் ப்ரொஃபைலைத் திறந்து அதே தளத்தின் காலண்டரைப் பார்த்தான். கீழ்த்தளத்து அறை சிவப்பாக, தெய்வசிகாமணியின் பெயரில் புக் ஆகிவிட்டதாக இருந்தது. தன்னுடையதற்குத் திரும்பினான். நேற்று அவன் மூடியதுகூட ஏறாமல், வெள்ளை. ஒரே இயந்திரம், ஒரே தளம். அப்படியானால் கோளாறு தளத்தில் இல்லை.

எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திறந்தான். சிவப்பு வந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றைப் போட்டதும், தன் கைபேசியிலிருந்து அடுத்த மாதத்துத் தேதி ஒன்றை மூடுவான். திரையில் நிறம் தானாக மாறுகிறதா என்று காத்திருப்பான். மாறினால் அந்தத் தேதியைத் திறந்துவிட்டு அடுத்ததைப் போடுவான். அந்தப் புதுப்பித்தலை நிறுத்தும் எக்ஸ்டென்ஷனைப் போட்டதும் நிறம் மாறவில்லை. டீ ஆறும்வரை காத்திருந்தான். அப்போதும் மாறவில்லை.

அதன் செட்டிங்ஸைத் திறந்தான். விவரப் பக்கத்துக்கு மட்டும் என்று அவன் வைத்திருந்தது, "எல்லாப் பக்கங்களுக்கும்" என்று மாறியிருந்தது. சமீபத்தில் எக்ஸ்டென்ஷன் தானாகவே புதுப் பதிப்புக்குப் போனபோது, பழைய ஏற்பாட்டைத் துடைத்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்துகொண்டிருக்கிறது. முந்தாநாளிலிருந்து திறந்தே கிடந்த காலண்டர், அவன் கண்முன்னால் அப்படியே உறைந்து நின்றிருக்கிறது.

மாடியில் ஏவ்லின் புகார் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் சும்மா இருந்தால் அது போய்ச் சேரும், யாரோ ஒரு பதில் எழுதுவார்கள், விஷயம் முடிந்துவிடும். நெடுமாறன் படியேறினான்.

"அத அனுப்ப வேணாம் மேடம். நான் போட்ட எக்ஸ்டென்ஷனாலதான் வந்துச்சு."

அவன் சொல்லி முடிக்கும்வரை ஏவ்லின் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அத எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"அடிச்சு முடிக்கறதுக்குள்ள பக்கம் அழிஞ்சு போவுது. ஒரு கைதான, எனக்கு நேரம் ஆவும்."

"வந்த நாள்லேர்ந்தா?"

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, இந்த ஆளுக்கு வேகம் பத்தலன்னு நெனச்சிடுவீங்கன்னு…"

ஏவ்லின் எழுதிய புகாரை அழித்தாள். "வேகமா அடிச்ச பொண்ணு பாதிப் பேரத் தப்பா அடிச்சுது. நீங்க வந்ததுக்கப்புறம் ஒருத்தர்கூட பேரு தப்புன்னு வந்து நிக்கல" என்றாள். கூடவே, "ஆனா இனிமே எத மாத்தினாலும் எனக்குத் தெரியணும்" என்றாள். அவன் தலையாட்டினான்.

அன்றைக்கே அந்த எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டான். விவரங்களை இனி ஒரு வெறும் பக்கத்தில் பொறுமையாக அடித்துக்கொண்டு, மொத்தமாக நகலெடுத்துக் கட்டங்களில் ஒட்டிவிடுவது என்று ஆயிற்று. இதைவிட எளிய வழி எப்போதுமே இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. மற்றதெல்லாம் அவன் வைத்தது வைத்தபடி இருந்தது.

தெய்வசிகாமணியின் குடும்பம் விர்ஜினி வீட்டு மாடியில் நன்றாகவே இருந்துவிட்டுப் போயிற்று. போகிறபோது, "உங்க வீட்ட நெட்டுல போடலாமேம்மா" என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே விர்ஜினி ஆள் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நெடுமாறனும் மேனகாவும் போனார்கள்.

பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தி மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பால் வாங்கிக் கொடுத்தது. விர்ஜினி அதை 'ஒர்தினத்தேர்' என்றே சொன்னாள்.

"இந்த ஒர்தினத்தேர தொறக்கவே பயமா இருக்குது தம்பி. மூலையில ஒருத்தன் வந்து வைரஸ் வைரஸ்னு கத்திக்கினே இருக்கான். எழுத்து வேற எறும்பு மாதிரி. கண்ணு ஆபரேஷன் பண்ணியும் தெரியல."

நெடுமாறன் திறந்து பார்த்தான். கீழ்மூலையில் எச்சரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. "இவன் வெளியாளு மதாம். என்னைக்கோ ஒரு நாளு, அனுமதி குடுக்கறீங்களான்னு கேட்டிருப்பான், நீங்களும் அமுக்கியிருப்பீங்க. இப்ப அனுப்பிடலாம்."

"அவ்ளோதானா? பாலு என்னை ஏசுவான்னு மூடி வெச்சிட்டேன்."

நோட்டிஃபிகேஷன் அனுமதிகளை எடுத்தான். அவளுக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு எக்ஸ்டென்ஷன்களை நீக்கினான். அதன் பிறகு திரை அமைதியாக இருந்தது. எழுத்து இதற்குக் கீழே சிறுக்கக் கூடாது என்று ஓர் அளவு வைத்தான். பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கினான். மெனு எல்லாம் பிரெஞ்சில் வரும்படி மாற்றினான். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு, "இது பரவாயில்லயா, இல்ல முந்தி இருந்ததா?" என்று கேட்டான். அவள் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துச் சொன்னாள். கடைசியாக மாடியை புக்கிங் தளத்தில் போட்டு, அதைத் திறக்கும் பொத்தான் ஒன்றைப் பிரவுசரின் மேலே வைத்தான்.

சில வாரங்களில் மாடிக்கு முதல் புக்கிங் வந்தது. காரைக்காலிலிருந்து ஒரு தம்பதி. அன்று நெடுமாறனும் மேனகாவும் அங்கே இருந்தார்கள். விர்ஜினி அவனைத் தொடவிடாமல், பெரிய எழுத்தை விரலால் தடவித் தடவித் தானே படித்தாள். ஏற்கும் பொத்தானைத் தானே அழுத்தினாள். விர்ஜினிக்கு அவன் அமைத்துக் கொடுத்ததை ஏவ்லினிடம் கேள்விப்பட்டு, பக்கத்துத் தெருவில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் கிளமானும் அவனைக் கூப்பிட்டிருந்தார். அங்கே போவதற்காக அவன் எழுந்தான்.

"இரு தம்பி, இந்த புக்கிங் தொறக்கற பொத்தான ஏன் இடது பக்கமா வெச்ச?"

"எனக்குப் பழக்கம் மதாம். யோசிக்காம வெச்சிட்டேன்."

"எனக்குச் சோத்துக் கை வலது. எப்பிடி நகத்தறதுன்னு சொல்லு, நானே பண்றேன்."

அவன் சொன்னான். அவள் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். அது பாதி வழியில் நழுவிப் பழைய இடத்துக்கே போயிற்று. மறுபடி பிடித்தாள். மாடியில் மேனகா கட்டில் நகர்த்தும் சத்தம் கேட்டது. நெடுமாறன் உதவிக்குக் கையை நீட்டாமல் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தான். கிளமான் சற்றுக் காத்திருப்பார்.