லண்டன்காரியின் பல்லும் என் பிரஷர் குளிசையும்

இன்று புதுக்குடியிருப்பு மருந்துக்கடையில் சுபாவைக் கண்டேன். என்னோடு படித்தவள், இப்போது லண்டனில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருக்கிறாளாம்.

என் கையில் ஆஸ்பத்திரி மருந்துத் துண்டு. அப்பாவின் காலத்தில் இந்தப் பிரஷர் குளிசையை அங்கேயே சும்மா தந்தார்கள். எனக்கு "வெளியில வாங்குங்கோ" என்று எழுதித் தந்துவிட்டார்கள்.

ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தது. பத்து நாளுக்கு மட்டும் கேட்டேன்.

"ஏனடி பத்து நாளுக்கு?" என்றாள் சுபா.

"மிச்சம் வீட்டில கிடக்கு" என்றேன். வீட்டில் கிடப்பது வெறும் அட்டை.

"எங்கட அம்மாவுக்கு அங்க எல்லா மருந்தும் சும்மாதான்" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது.

அதோடு விட்டாளா? வாயைத் திறந்து இரண்டு புதுப் பற்களைக் காட்டினாள். "அங்க பல்லுக்குத்தான் கொள்ளைக் காசு. வவுனியாவில கட்டினனான். பிளேன் டிக்கெட்டோட பாத்தாலும் லாபம். நீ குடுத்து வைச்சனி, நினைச்ச நேரம் டொக்டரைப் பாக்கலாம். நாங்கள் கிழமைக்கணக்கில காத்திருக்க வேணும்."

என்னைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாம்! அந்தப் பொறாமையைக்கூட அந்தப் புதுப் பற்களைக் காட்டிக்கொண்டுதான் சொன்னாள்.

பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொன்ன டொக்டர், லண்டன் சிநேகிதிகளைக் குறைக்கச் சொல்லவில்லையே. உங்களுக்காவது சொன்னாரா?